லாட்ஜ் மெயிலில் ஸ்பாமை எப்படி வடிகட்டுவது? எங்களுக்கு வருகிற நல்ல மெயிலே ஸ்பாம் மாதிரிதான் இருக்கிறது

பாபுராவ்_தெரு_லாட்ஜ் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். வேலூரில் பாபு ராவ் தெருப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன லாட்ஜ் இருக்கிறது. சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள்தான் தங்குவார்கள். மேற்கு வங்காளம், திரிபுரா, அஸ்ஸாம், ஜார்க்கண்ட், அப்புறம் பங்களாதேஷ். மாமனார் காலத்தில் ஒரு நீளமான ரிஜிஸ்டர், ஒரு லேண்ட்லைன், அதோடு சரி. இப்போது புக்கிங், கணக்கு, மெயில் எல்லாம் என் தலையில்.

வாட்ஸாப் போதாதா என்று யாராவது கேட்பீர்கள். பாதி அதில்தான் வருகிறது. ஆனால் விசாவுக்குக் காட்ட லெட்டர்பேடில் கன்ஃபர்மேஷன் வேண்டும் என்பவர்கள் மெயிலில்தான் எழுதுகிறார்கள். வெளிநாட்டு ஆட்கள் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசு சைட்டில் ஏற்ற வேண்டும் (சி ஃபார்ம் என்று சொல்வோம்), அதற்குப் பாஸ்போர்ட், விசா நகல்களை முன்கூட்டியே மெயிலில் வாங்கி வைத்துக்கொள்வது எனக்கு வசதி. மெயிலை விட முடியாது.

காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் வருகிறவை: 'உங்கள் வெப்சைட்டை கூகுளில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறோம்', 'மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது, இன்றைக்குள் சரிபார்க்காவிட்டால் மூடப்படும்', பிசினஸ் லோன், கிரிப்டோ, எங்கோ நடந்த கண்காட்சிக்கு வந்தவர்களின் பட்டியல் விலைக்கு. இவற்றுக்கு நடுவே எங்கேயோ ஒரு குடும்பம் ரூம் கேட்டு எழுதியிருக்கும்.

அந்த மெயில் எப்படி இருக்கும் தெரியுமா? சப்ஜெக்ட் இருக்காது. இருந்தால் எல்லாம் பெரிய எழுத்தில் 'அர்ஜென்ட் ரூம்'. உள்ளே பாதி ஆங்கிலம், பாதி வங்காளம். 'சார் பேஷன்ட் சீரியஸ், டூ பெட், குக்கிங் அலவ்டு? கேஸ் கிடைக்குமா? லிஃப்ட் உண்டா?' கூடவே பெயரே இல்லாத மூன்று படங்கள். திறந்தால் பாஸ்போர்ட், அபாயின்ட்மென்ட் சீட்டு. அனுப்பியவர் முகவரி ஏதோ கம்ப்யூட்டர் கடையுடையது, பின்னால் வாலாக நாலைந்து எண்கள். ஊரில் அந்தக் கடைக்காரர்தான் எல்லாருக்கும் மெயில் போட்டுக் கொடுப்பார் போலிருக்கிறது. எந்த ஃபில்டர் பார்த்தாலும் இதைத்தான் முதலில் பிடிக்கும். அந்த லோன்காரன் மெயிலோ முத்து முத்தான ஆங்கிலத்தில் வருகிறது.

சைட் செய்து கொடுத்தவர் அவுட்லுக்கில் ஒரு ரூல் போட்டுத் தந்தார்: 'அர்ஜென்ட்' என்று இருந்தால் ஜங்க்குக்குத் தள்ளு. எங்களுக்கு எழுதுகிறவர்களில் அர்ஜென்ட் இல்லாதவர் யார்? அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

இதை எழுத வைத்தது போன மாதம் நடந்த ஒன்று. அகர்தலாவிலிருந்து ஒரு குடும்பம் காட்பாடியில் இறங்கி ராத்திரி பதினோரு மணிக்கு ஆட்டோவில் வந்து நிற்கிறது. வீல்சேரில் ஒரு பாட்டி. ரூம் கேட்டு அனுப்பிய மெயிலைப் போனில் எடுத்துக் காட்டுகிறார்கள், முகவரி எழுத்துக்கு எழுத்து சரி. எங்கள் கம்ப்யூட்டரில் இன்பாக்ஸிலும் இல்லை, ஜங்க்கிலும் இல்லை, டெலிட்டடிலும் இல்லை. இங்கே ரூம் நிறைந்துவிட்டது. பக்கத்து லாட்ஜில் சொல்லி ஏற்பாடு செய்தோம். அந்த மெயில் எங்கேதான் போனது?

எங்கள் வெப்சைட் பெயரிலேயே (டொமைன்) மெயில், சைட்டை வைத்திருக்கும் ஹோஸ்டிங்கோடு சேர்ந்து வந்தது. ரிசெப்ஷன் கம்ப்யூட்டரில் அவுட்லுக், என் போனிலும் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்பாம் முகவரியாக பிளாக் செய்து பார்த்தாயிற்று. ஒருமுறை வந்த முகவரி மறுபடி வருவதே இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி_சர்வீஸ்

மேடம், ரொம்ப சிம்பிள். அவுட்லுக்கில் ஜங்க் ஆப்ஷன்ஸ் போங்கள், கடைசியில் இன்டர்நேஷனல் என்று ஒரு டேப் இருக்கும். வெளிநாட்டு டொமைன் எல்லாவற்றையும் டிக் அடித்து பிளாக் செய்யுங்கள். கீழே என்கோடிங் பட்டியல் இருக்கும், அதில் தமிழ், ஆங்கிலம் தவிர மற்றதையும் அடைத்துவிடுங்கள். நான் சர்வீஸ் பார்க்கிற கடைகளில் எல்லாம் இப்படித்தான். அதோடு ஸ்பாமில் அன்சப்ஸ்கிரைப் இருந்தால் எல்லாவற்றையும் அமுக்கிவிடுங்கள், ஒரே வாரத்தில் சுத்தமாகிவிடும்.

பாபுராவ்_தெரு_லாட்ஜ்

தம்பி, உங்கள் கஸ்டமர் மளிகைக் கடையாக இருந்தால் சரி. எனக்கு வெளிநாட்டை அடைத்தால் பங்களாதேஷ்காரர் எப்படி எழுதுவார்? வங்காள எழுத்தை அடைத்தால் பாதி ரூம் காலி. தெருவில் போர்டே வங்காளத்தில்தானே வைத்திருக்கிறோம்.

பாலாறு_சர்வர்

அக்கா, நான் இந்தப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் மெயில் சர்வர் பார்க்கிறவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காணாமல் போன அந்த மெயில். உங்கள் ரிசெப்ஷன் அவுட்லுக் அநேகமாக பாப்3 முறையில் இணைக்கப்பட்டிருக்கும். அக்கவுன்ட் செட்டிங்ஸில் பார்த்தால் தெரியும். பாப்3 சர்வரில் இருக்கும் இன்பாக்ஸை மட்டும்தான் இறக்கும். சர்வர் தன் பங்குக்கு ஸ்பாம் என்று ஒதுக்கி வேறு ஃபோல்டரில் போட்டுவிட்டால், அப்படி ஒரு ஃபோல்டர் இருப்பதே அவுட்லுக்குக்குத் தெரியாது. நீங்கள் தேடிய ஜங்க், உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள ஜங்க். அந்தக் குடும்பத்தின் மெயில் கிடப்பது சர்வரில் உள்ள ஜங்க். பிரவுசரில் வெப்மெயிலைத் திறந்து பாருங்கள், ஸ்பாம் என்று ஒரு ஃபோல்டர் நிச்சயம் இருக்கும். இன்னும் எத்தனை பேர் அதில் ரூம் கேட்டிருக்கிறார்களோ.

மருந்து: பாப்3-ஐ எடுத்துவிட்டு ஐமேப் முறையில் இணையுங்கள். அப்போது சர்வரில் உள்ள எல்லா ஃபோல்டரும் கம்ப்யூட்டரிலும் போனிலும் ஒரே மாதிரி தெரியும். மாற்றுவதற்கு முன் பழைய மெயில்களை ஒரு பேக்கப் எடுத்துவிடுங்கள். பாப்3 பெரும்பாலும் இறக்கியதும் சர்வரில் அழித்துவிடும்படி வைத்திருப்பார்கள்.

அடுத்து, அந்த மெயில் ஏன் மாட்டியது. ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கம் சிபேனலாக இருந்தால், உள்ளே ஓடும் ஸ்பாம் ஃபில்டர் ஸ்பாம்அசாசின். அது மதிப்பெண் போடும் ஆள். ஒவ்வொரு மெயிலையும் நூற்றுக்கணக்கான விதிகளால் சோதித்து, ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கூட்டும் அல்லது கழிக்கும். மொத்தம் 5 தொட்டால் ஸ்பாம். சப்ஜெக்ட் இல்லையா, அதற்கு ஒரு விதி. சப்ஜெக்ட் முழுக்கப் பெரிய எழுத்தா, அதற்கு ஒரு விதி. இலவச மெயில் முகவரி எண்ணில் முடிகிறதா, நம்ப மாட்டீர்கள், அதற்கும் ஒரு விதி. நீங்கள் வர்ணித்த அகர்தலா மெயில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கியிருக்கும். லோன்காரனோ தன் மெயிலை அனுப்புவதற்கு முன் இதே ஸ்பாம்அசாசினில் ஓட்டிப் பார்த்துத் திருத்திவிட்டுத்தான் அனுப்புவான். அதனால்தான் அவன் ஆங்கிலம் முத்து முத்தாக இருக்கிறது. வெப்மெயிலில் அந்த மெயிலின் சோர்ஸைத் திறந்தால் மேலே எக்ஸ்-ஸ்பாம் என்று தொடங்கும் வரிகளில் எந்த விதியில் மாட்டியது என்ற விவரம் இருக்கும்.

சிபேனலில் ஸ்பாம் ஃபில்டர்ஸ் பக்கத்துக்குப் போய் அந்த 5-ஐ 8 ஆக்குங்கள். எண் கூடக் கூடப் பிடி தளரும். 'ஆட்டோ டெலிட்' என்று ஒரு பட்டன் இருக்கும், அது எந்தக் காலத்திலும் ஆனில் இருக்கக் கூடாது. சர்வரில் அப்பட்டமான குப்பை மட்டும் நிற்கட்டும். மீதியை உங்கள் கம்ப்யூட்டரில் பிரிப்போம்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பொதுவான ஃபில்டருக்கு லாட்ஜ் என்றால் என்னவென்று தெரியாது. கெட்ட வார்த்தைகளைத் தேடிப் பிடிக்கிற வழி உங்களுக்கு ஒத்துவராது, ஏனென்றால் உங்கள் நல்ல மெயிலிலும் அதே வார்த்தைகள்தான். உங்களுக்குத் தெரிந்த நல்ல வார்த்தைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'காட்பாடி' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஸ்பாம்காரனாவது ரயில் காட்பாடிக்கு எத்தனை மணிக்கு வரும் என்று எழுதுவானா? 'அபாயின்ட்மென்ட்', 'பேஷன்ட்', 'குக்கிங்', 'வீல்சேர்', 'ஹவுரா', சி.எம்.சி. இவற்றில் இரண்டு ஒரே மெயிலில் இருந்தால் அது மனிதர் எழுதியது.

அவுட்லுக்குக்குப் பதில் தண்டர்பேர்ட் என்ற மெயில் புரோகிராம் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம். அதில் இருக்கும் ஜங்க் ஃபில்டர் பேயஸ் முறையில் வேலை செய்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பாதிரியார் தாமஸ் பேயஸ் எழுதிவைத்த நிகழ்தகவுக் கணக்குதான். நீங்கள் ஜங்க் என்று காட்டியவற்றில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது, நல்லவை என்று காட்டியவற்றில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி வைத்துக்கொண்டு, புது மெயில் வந்தால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கும். 'அர்ஜென்ட்' இரண்டு பக்கமும் வருவதால் அதற்கு மதிப்பே இருக்காது. 'காட்பாடி' ஒரே பக்கம் வருவதால் ஒரு சொல்லே தராசைச் சாய்த்துவிடும். வங்காள எழுத்தும் அப்படியே. அது எந்த மொழி என்றெல்லாம் ஃபில்டர் கேட்காது, எந்தப் பக்கம் பார்த்தேன் என்றுதான் கேட்கும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். எல்லோரும் ஜங்க்கை மட்டும் ஜங்க் என்று காட்டுவார்கள். நல்லதை நல்லது என்று யாரும் காட்டுவதில்லை. அப்புறம் ஃபில்டர் எதைப் பார்த்தாலும் சந்தேகப்படும். ஐமேபுக்கு மாறியதும், பேக்கப்பில் இருக்கும் பழைய புக்கிங் மெயில்களை ஒரு ஃபோல்டரில் கொண்டுவந்து, மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 'ஜங்க் இல்லை' என்று கொடுங்கள். எவ்வளவு வேண்டும் என்றால், ஸ்பாம்அசாசினில் இதே கணக்கு 200 நல்லது, 200 கெட்டது பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கும். தண்டர்பேர்ட் அப்படி வரம்பு வைப்பதில்லை, ஆனாலும் அந்த அளவுக்குக் கொடுத்தால் நல்லது. உங்கள் ரிஜிஸ்டர் நீளத்துக்கு அது கஷ்டம் இல்லை.

அதோடு ஒரு சாதா ஃபில்டரும் போடுங்கள்: உள்ளே மேலே சொன்ன சொற்களில் ஏதாவது இருந்தால் பச்சை நிற டேக். தண்டர்பேர்டில் இதை ஜங்க் சோதனைக்கு முன்பே ஓடும்படி வைக்கலாம். பச்சையைக் காலையில் முதலில் பாருங்கள், மற்றதை டீ குடித்துவிட்டுப் பார்க்கலாம்.

சத்துவாச்சாரி நண்பர் சொன்ன அன்சப்ஸ்கிரைப் பற்றி: நீங்கள் எப்போதோ பொருள் வாங்கிய கம்பெனி, வங்கி, பயண சைட் என்றால் தாராளமாக அமுக்கலாம். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் மெயில் அனுப்புகிறவர்கள் விளம்பர மெயிலில் ஒரே அமுக்கில் விலகும் வசதி வைத்தாக வேண்டும், இரண்டு நாளுக்குள் நிறுத்தவும் வேண்டும் என்று கூகுள் விதி கொண்டுவந்துவிட்டது. யாஹூவும் அதே நேரத்தில் அதே மாதிரி விதி வைத்தது. ஆனால் யாரென்றே தெரியாத லோன்காரன் மெயிலில் அதை அமுக்கினால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.

கடைசியாக, சிபேனலில் டீஃபால்ட் அட்ரஸ் என்ற இடத்தைப் பாருங்கள். டொமைனில் இல்லாத முகவரிக்கு வருகிறதையும் உங்கள் பெட்டியில் கொட்டும்படி பலர் வைத்துவிடுகிறார்கள். ஸ்பாம்காரர்கள் சேல்ஸ், அட்மின், இன்ஃபோ என்று வாய்க்கு வந்த பெயரை எல்லாம் போட்டு அனுப்புவார்கள், அத்தனையும் உங்களிடம் வரும். எரரோடு திருப்பி அனுப்பும்படி மாற்றுங்கள். இது ஒன்றிலேயே கணிசமாகக் குறையும்.

குடியாத்தம்_லுங்கி

இவ்வளவு எதற்கு? மாதம் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டி கூகுள் வொர்க்ஸ்பேஸ் வாங்கினால் முடிந்தது. இல்லையென்றால் ஹோஸ்டிங் மெயிலை அப்படியே இலவச ஜிமெயிலுக்கு ஃபார்வர்ட் போடலாமே, ஜிமெயிலே பிரித்துக்கொள்ளும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பாலாறு_சர்வர்

வொர்க்ஸ்பேஸ் நல்லதுதான், வசதி இருந்தால் வாங்கலாம். ஆனால் அதுவும் எண்ணில் முடிகிற முகவரியைச் சந்தேகப்படலாம். அங்கேயும் 'காட்பாடி' ஃபில்டர் போட்டு, ஸ்பாமுக்கு அனுப்பாதே என்று டிக் செய்யத்தான் வேண்டும். ஜிமெயில் ஸ்பாம் ஃபோல்டர் 30 நாளில் தானே காலியாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஃபார்வர்ட் வேண்டாம் சார். அகர்தலாக்காரர் மெயில் முதலில் உங்கள் ஹோஸ்டிங்குக்கு வந்து, அங்கிருந்து ஜிமெயிலுக்குப் போகிறது. ஜிமெயில் பார்க்கும்போது அனுப்பியவர் ஒருவர், கொண்டுவந்த சர்வர் வேறு. அனுப்ப அனுமதி உள்ள சர்வர்தானா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனையில் பெரும்பாலும் தோற்கும். உங்களுக்கு வருகிற குப்பையையும் உங்கள் சர்வரே ஜிமெயிலுக்கு அனுப்புவதால், கொஞ்ச நாளில் உங்கள் சர்வரையே ஸ்பாம் அனுப்புகிற சர்வர் என்று ஜிமெயில் குறித்துக்கொள்ளும்.

மேல்விஷாரம்_தோல்

சலாம். நான் ஷூ அப்பர் எக்ஸ்போர்ட் யூனிட்டில் ஆபீஸ் பார்க்கிறேன். ஸ்பாம் தொல்லை எங்களுக்கும் உண்டு. சென்னை நந்தம்பாக்கத்தில் தோல் கண்காட்சி முடிந்தால் போதும், விசிட்டர் லிஸ்ட் வேண்டுமா என்று வரிசையாக வரும். அதெல்லாம் வெறும் தொந்தரவு, உயிர் போகாது.

அக்கா பயப்பட வேண்டியது ஃபில்டரைத் தாண்டி வருகிற சுத்தமான மெயிலுக்கு. எங்கள் பக்கம் அது எப்படி என்றால், பையர் பெயரிலேயே வரும், பழைய மெயிலுக்குப் பதிலாகவே வரும், இன்வாய்ஸ் நம்பர் சரியாக இருக்கும். 'இனி இந்த அக்கவுன்ட்டுக்குப் போடவும்' என்று ஒரே ஒரு வரி. டொமைனில் எம் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டிப் போட்டிருப்பான், கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் தெரியாது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எங்கே கேட்டாலும் இந்தக் கதை தெரிந்த ஒருவர் இருப்பார். அதனால் எங்கள் ஆபீஸில் சட்டம் ஒன்றுதான்: அக்கவுன்ட் மாறினால் ஏற்கனவே நம்மிடம் இருக்கிற நம்பருக்குப் போன். மெயிலில் கொடுத்திருக்கிற நம்பருக்கு இல்லை. பணம் போய்விட்டால் உட்கார்ந்து யோசிக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடிக்க வேண்டும், சைபர் கிரைம் போர்ட்டலிலும் பதிய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவில் நிறுத்த வாய்ப்பு.

லாட்ஜ்காரர்களுக்கென்றே ஒன்று ஓடுகிறது, படித்திருக்கிறீர்களா? புக்கிங்.காம் பெயரில் 'உங்கள் கெஸ்ட் மோசமான ரிவ்யூ எழுதியிருக்கிறார், பதில் சொல்லுங்கள்' என்று வரும். லிங்க்கைத் திறந்தால் நான் ரோபோ இல்லை என்று நிரூபிக்கச் சொல்லும் பக்கம். நிரூபிக்க என்ன செய்யச் சொல்வான் தெரியுமா? விண்டோஸ் பட்டனும் ஆர் எழுத்தும் சேர்த்து அமுக்கு, அப்புறம் கன்ட்ரோல் வி, அப்புறம் என்டர். அந்தப் பக்கம் சத்தமில்லாமல் ஒரு கட்டளையை காப்பி செய்து வைத்திருக்கும். நாமே நம் கையால் அதை ஓட்டிவிடுகிறோம். பாஸ்வேர்டு எல்லாம் போய்விடும். மைக்ரோசாஃப்ட் 2025 மார்ச்சில் இதைப் பற்றி விவரமாக எழுதியிருந்தது, 2024 டிசம்பரிலிருந்து நடக்கிறதாம், தெற்காசிய ஹோட்டல்களையும் குறிவைத்தார்களாம். ராத்திரி ஷிஃப்ட்டில் உட்காருகிற பையனுக்கு இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள். ரிவ்யூ பார்க்க வேண்டுமென்றால் மெயிலில் இருந்து போகக் கூடாது, சைட்டைத் தனியாகத் திறந்து போக வேண்டும்.

பாபுராவ்_தெரு_லாட்ஜ்

பாய், அந்த ரிவ்யூ மெயில் எங்களுக்கும் வந்திருக்கிறது! அந்த சைட்டில் நாங்கள் இல்லவே இல்லை, அதனால் தப்பித்தோம். பையனிடம் சொல்லிவிட்டேன், விண்டோஸ் ஆர் கதையை ஒரு சீட்டில் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டியும் ஆயிற்று.

சர்வர் தம்பி, வெப்மெயிலைத் திறந்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே ஸ்பாம் ஃபோல்டர் ஒன்று, யாரும் திறக்காமல் கிடக்கிறது. அகர்தலா மெயில் அதில்தான் இருக்கிறது. அதற்கு மேலேயும் கீழேயும் ரூம் கேட்டவர்கள். ஒருவர் இரண்டு முறை எழுதியிருக்கிறார், இரண்டாவதில் 'நீங்கள் பதில் போடவில்லை, வேறு இடம் பார்த்துவிட்டோம், நன்றி' என்று. அவர் நன்றி சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஐமேப் மாற்றியாயிற்று. டீஃபால்ட் அட்ரஸும் நீங்கள் சொன்ன மாதிரிதான் இருந்தது, மாற்றிவிட்டேன். தண்டர்பேர்டுக்குப் பழைய புக்கிங் மெயில் எல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ரூம் பாய் மேற்கு வங்காளத்தில் மால்டா பக்கத்துக்காரன், அவனை உட்கார வைத்து 'நோயாளி', 'ரூம்', 'அடுப்பு' மூன்றையும் வங்காளத்தில் டைப் செய்து ஃபில்டரில் சேர்த்தாயிற்று. அவன் சொல்லித்தான் தெரிந்தது, வங்காளத்தையே ஆங்கில எழுத்தில் எழுதுகிறவர்கள் நோயாளிக்கு 'ரோகி', 'ருகி' என்று இரண்டு விதமாகவும் எழுதுவார்களாம். இரண்டும் போட்டோம்.

இன்னும் இரண்டு சந்தேகம். வெப்சைட்டில் மெயில் முகவரியை அப்படியே போட்டிருக்கிறோம், அதை எடுத்துவிட்டு ஃபார்ம் வைக்கட்டுமா என்று சைட் செய்தவர் கேட்கிறார். அப்புறம், நான் போடும் பதில் அவர்களுக்கு ஸ்பாமில் விழுகிறது என்று சிலர் போனில் சொல்கிறார்கள். அதற்கு என்ன செய்வது?

பாலாறு_சர்வர்

ஃபார்ம் வைக்கலாம், வைக்கவும் வேண்டும். பக்கத்தில் எழுத்தாகக் கிடக்கும் முகவரியைத்தான் பாட்கள் (தானாக ஓடும் புரோகிராம்கள்) பொறுக்கிக்கொண்டு போகின்றன. ஃபார்மில் இருந்து வருகிற மெயிலுக்கு சப்ஜெக்ட் நீங்கள் வைத்ததாக இருக்கும், 'ரூம் கேட்பு, வெப்சைட்' என்று. அதை வைத்து ஃபில்டர் போட்டால் தவறவே தவறாது. ஃபார்மிலும் பாட் வரும்; மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு காலிக் கட்டம் வைக்கச் சொல்லுங்கள். அதில் யாராவது எழுதியிருந்தால் அது பாட், தூக்கிப் போட்டுவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. பல ஃபார்ம்கள் அனுப்புநர் இடத்தில் கெஸ்ட்டின் முகவரியையே போட்டு மெயில் அனுப்பும். அது போலி மெயில் செய்கிற அதே வேலை. கெஸ்ட் யாஹூ முகவரி கொடுத்திருந்தால் அந்த மெயில் வந்தே சேராமல் போகலாம். தன் பெயரில் வேறு சர்வர் அனுப்பினால் நிராகரித்துவிடுங்கள் என்று யாஹூ 2014 ஏப்ரலிலேயே டிமார்க் கொள்கை அறிவித்துவிட்டது. பழைய யாஹூ முகவரியை விடாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆகவே அனுப்புநர் உங்கள் டொமைன் முகவரி, 'ரிப்ளை டூ' இடத்தில் கெஸ்ட் முகவரி. சைட் செய்தவரிடம் இப்படியே சொல்லுங்கள், அவருக்குப் புரியும்.

உங்கள் பதில் ஸ்பாமில் விழுவது இதோடு சேர்ந்த கதைதான். உங்களுடைய ஜிமெயில் ஒன்றுக்கு லாட்ஜ் முகவரியிலிருந்து ஒரு மெயில் போடுங்கள். ஜிமெயிலில், கம்ப்யூட்டரில் திறந்து, மூன்று புள்ளியை அமுக்கி 'ஷோ ஒரிஜினல்' பாருங்கள். மேலே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் எதிரே பாஸ் என்று இருக்க வேண்டும். எஸ்பிஎஃப் என்பது எங்கள் பெயரில் எந்தெந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்று டொமைனில் நீங்கள் எழுதிவைக்கும் பட்டியல். டிகிம் ஒவ்வொரு மெயிலிலும் போடும் டிஜிட்டல் கையெழுத்து. இரண்டும் சரியில்லை என்றால் வாங்குகிறவர் என்ன செய்யலாம் என்று சொல்வது டிமார்க். சிபேனலில் 'ஈமெயில் டெலிவரபிலிட்டி' என்று ஒரு பக்கம் உண்டு, பிரச்சினை என்று காட்டினால் பக்கத்திலேயே ரிப்பேர் பட்டன். டொமைனின் டிஎன்எஸ் (இந்தப் பட்டியல்கள் எழுதப்படும் பதிவேடு) அதே ஹோஸ்டிங்கில் இருந்தால் ஒரே அமுக்கில் சரியாகும். வேறு இடத்தில் இருந்தால் அங்கே கொண்டுபோய் ஒட்ட வேண்டும்.

பாஸ் என்று வந்ததாலேயே ஒரு மெயில் நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். லோன்காரனும் சொந்தமாக டொமைன் வாங்கி மூன்றிலும் பாஸ் வாங்கித்தான் வருகிறான். யார் பெயரில் வந்ததோ அவர்தான் அனுப்பினார் என்பது வரைக்கும்தான் அதற்குத் தெரியும்.

சத்துவாச்சாரி_சர்வீஸ்

அக்கா, உங்கள் கேஸ் வேறு என்று இப்போது புரிகிறது. ஆனால் மளிகைக் கடைக்கு நான் சொன்னதுதான் சரி, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன் 😀. ஒரு சந்தேகம்: போனுக்கு விளம்பரத் தொல்லை வேண்டாம் என்று தொலைத்தொடர்பு ஆணையத்தில் (டிராய்) டிஎன்டி பதிகிறோமே, அது மெயிலுக்கும் ஆகுமா?

பாலாறு_சர்வர்

ஆகாது தம்பி. டிராயின் அந்த விதி போன் அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும்.

பாபுராவ்_தெரு_லாட்ஜ்

ரிப்பேர் அமுக்கினேன், மூன்றும் பாஸ். டாக்காவில் இருந்து ஒருவர் 'இன்பாக்ஸிலேயே வந்தது' என்று பதில் போட்டார்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். அந்த கம்ப்யூட்டர் கடைக்காரர்கள் இருக்கிறார்களே, ஒரே முகவரியிலிருந்து ஊருக்கே மெயில் போடுகிறவர்கள். தண்டர்பேர்ட் இன்னும் அவர்களில் ஒருவரை ஜங்க் என்கிறது. நிரந்தரமாக அனுமதித்துவிடலாமா?

பாலாறு_சர்வர்

அட்ரஸ் புக்கில் சேர்த்துவிடுங்கள். அக்கவுன்ட் செட்டிங்ஸில் ஜங்க் பக்கத்தில், அட்ரஸ் புக்கில் இருப்பவரை ஜங்க் ஆக்காதே என்ற இடத்தில் டிக் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கடை கம்ப்யூட்டரில் பத்துப் பேர் கை வைப்பார்கள், அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு என்றைக்கு வேண்டுமானாலும் வெளியே போகலாம். அட்ரஸ் புக்கில் இருப்பதால் அப்போது வருகிற விஷமும் நேராக இன்பாக்ஸுக்குத்தான் வரும். அவரிடமிருந்து படமும் பிடிஎஃப்பும் வரலாம். ஜிப், எச்டிஎம்எல், ஐஎஸ்ஓ என்று ஏதாவது ஒட்டி வந்தால் திறக்காமல் பேஷன்ட்டின் நம்பருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். பாஸ்போர்ட்டை யாரும் ஜிப்பில் அனுப்ப மாட்டார்கள். பிடிஎஃப்பைத் திறந்தால் உள்ளே பாஸ்போர்ட் இல்லாமல் ஒரு லிங்க் மட்டும் இருக்கிறதா, அதையும் அமுக்க வேண்டாம்.